பழைய மெஷினும் அவர் விரல்களும்

பழைய மெஷின்தான் உசத்தி என்று யாராவது என் எதிரில் சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். போன மாதம் எங்கள் தெருவில் காற்றுக்குச் சாய்ந்த வேப்பமரத்தை அறுக்க ஒருவர் வந்தார். செயின் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு, "இதெல்லாம் இன்னா மெஷின்மா? அந்தக் காலத்துல வந்துது பாரு, அதான் மெஷின்" என்றார். அவருக்கு முப்பது வயது இருந்தால் அதிகம். அந்தக் காலத்து மெஷினை அவர் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். நான் அதனோடு குடித்தனமே நடத்தியிருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் அப்போது ஆம்பூரில் ஒரு மரவாடியில் மரம் அறுக்கிற மெஷின் பிடித்தவர். சனிக்கிழமை சாயங்காலம் அதைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் பழைய பேப்பரை விரித்து, அதைப் பிரித்துப் போட்டுத் துடைப்பார். வீடெல்லாம் பெட்ரோல் நெடி அடிக்கும். அடுப்பில் கறிக்குழம்பு கொதிப்பது எனக்கே தெரியாது.

வாடி முதலாளியை நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுவோம். எழுபதுகளின் கடைசியில் மலைமேல் ஒரு காப்பி எஸ்டேட் ஏலத்தில் அவர் எடுத்த சீமை மெஷின் அது. முழுக்க இரும்பு. சாலையோரத்துப் புளியமரம் ஒன்றை இரண்டு ஆள் நீட்டு ரம்பம் போட்டு இழுத்தால் பொழுது சாய்ந்துவிடும். இந்த மெஷின் டீ வருவதற்குள் முடித்துவிடும். சத்தம் பாலாற்றுக்கு அந்தப்புறம் கேட்கும். எது உடைந்தாலும் நம்மூர் லேத்துக்காரரே கடைந்து கொடுப்பார். இதையெல்லாம் நான் மறுக்கவே இல்லை. ஆனால் அதைப் பிடித்தவரின் கைக்கு என்ன ஆனது என்று கேட்க வேண்டாமா?

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மார்கழி. எங்கள் மகள் அப்போது கைக்குழந்தை. நான் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் இருந்தேன். ஷூவின் மேல்பாகத்துத் தோலைத் தைக்கிற வேலை. அந்த மார்கழியில் இவர் ஒரு மாதிரி ஆகிவிட்டார். தன் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து ஜன்னலில் வைத்துக்கொண்டார். அந்தப் பனியில் கோரைப்பாயைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் படுத்தார். குழந்தை அழுதால் எட்ட நின்று பார்ப்பாரே தவிர, தூக்க மாட்டார். கிறிஸ்துமஸ் அன்று சர்ச் வாசலில் கை குலுக்க வந்தவர்களுக்கெல்லாம் தள்ளி நின்று கும்பிடு போட்டார்.

பெண் குழந்தை பிறந்ததால்தான் இந்தக் கோபம் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். எனக்கு வாய் சும்மா இருக்காது. "பொண்ணு பொறந்தா ஒட்டிக்குமா? தொட்டா இன்னா, கை வெந்துடுமா?" என்று கேட்டேன். அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். அது எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

ஒரு நாள் விடிகாலை டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். கொதிக்கக் கொதிக்க இருந்த டம்ளரை வெறும் கையால் பிடித்தபடி அவர் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் முந்தானை இல்லாமல் தொட முடியாத சூடு அது. அந்த விரல்களைப் பார்த்தேன். நுனியெல்லாம் சுண்ணாம்பு பூசியது மாதிரி வெளுத்திருந்தன. இரண்டு விரலுக்கு நடுவில் பீடி சுட்ட கொப்புளம். "இது எப்போ சுட்டுது?" என்று கேட்டேன். அவர் விரலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தெரீல" என்றார்.

எங்கள் பக்கத்தில் பிறந்த யாருக்கும் அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. தொழுநோயைப் பற்றிப் படம் காட்டிச் சொல்ல ஆஸ்பத்திரிக்காரர்கள் பள்ளிக்கூடத்துக்கே வருவார்கள். வெளுத்த தோல், உணர்ச்சி இல்லை, சுட்டால் தெரியாது. நாங்கள் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்து வளர்ந்த பாடம். அவரும் அதே பாடத்தைப் படித்தவர்தான்.

"அந்த வியாதிதான்" என்றார் அவர். "நீ புள்ளைய தூக்கிக்கினு உங்கம்மா வூட்டுக்குப் போய்டு. நான் எங்கனா போய்க்கிறேன். தெரிஞ்சா உன்னையும் கம்பெனில வெச்சிக்க மாட்டாங்க."

இத்தனை நாள் இவரைத் திட்டியதற்கு அழுவதா, பயப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் செய்தேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டேன். "எங்க போனாலும் முதல்ல டாக்டர்கிட்ட காட்டிட்டுப் போங்க. மாத்திரை குடுக்கறாங்க, நல்லா ஆகுதுன்னுதானே அவங்களும் சொல்றாங்க? போற வழிக்கு நானும் வர்றேன்" என்றேன்.

வேலூருக்குப் பஸ் ஏறினோம். வழி நெடுக அவர் இரண்டு கையையும் துண்டுக்குள் சுருட்டி வைத்திருந்தார். கண்டக்டரிடம் டிக்கெட் வாங்கக்கூடக் கையை வெளியே எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் பார்த்தார். சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகு, மார்பு எல்லாம் தேமல் தேடினார். முழங்கை நரம்பை அழுத்திப் பார்த்தார். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் ஒவ்வொரு விரலாகத் தொட்டார். நான் சுவரோரமாக நின்று குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் டாக்டர், "இந்த வெளுப்பு எப்பவும் இருக்கா, வந்து வந்து போகுதா?" என்று கேட்டார்.

"காலைல பனியில வருங்க. வெயில் ஏறினா போய்டும்."

"என்ன வேலை பார்க்கறீங்க?"

மெஷினைப் பற்றிச் சொன்னார். எவ்வளவு கனம், எப்படி ஆடும் என்றெல்லாம் டாக்டர் துருவித் துருவிக் கேட்டார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, "உங்களுக்கு அந்த வியாதி இல்லை. அது இப்படிக் குளிருக்கு வந்து வெயிலுக்குப் போகாது. அந்த மெஷின் ஆடற ஆட்டத்துல விரல் நரம்பும் ரத்த ஓட்டமும் கெட்டிருக்கு. மெஷினை விட்டா மெல்ல மெல்லச் சரியாகலாம். விடலைன்னா கை போயிடும்" என்றார்.

நான் குழந்தையோடு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் என்ன செய்தார் தெரியுமா? வியாதி என்று நினைத்தபோது பெண்டாட்டி பிள்ளையை விட்டுப் போகத் துணிந்த மனுஷன், டாக்டரிடம் வாதாட ஆரம்பித்தார். "இல்லீங்க டாக்டர், அது தங்கமான மெஷின். அது ஒண்ணும் பண்ணாது." காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சுதான். அன்றைக்குத்தான் அந்த மெஷின்மேல் எனக்குத் தீராத வெறுப்பு வந்தது.

மறுநாள் நானே வாடிக்குப் போனேன். பாய் நல்ல மனுஷர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "மெஷின்னா ஆடத்தான்மா செய்யும். அதுல இன்னா இருக்குது?" என்றார். அதை ஓடவிடச் சொன்னேன். வாடி ஆள் ஒருவர் அதை ஓடவிட்டுப் பிடித்துக்கொண்டார். நான் கைப்பிடியில் உள்ளங்கையை வைத்தேன். வளையல் கலகலவென்று அடித்துக்கொண்டது, தோள்வரைக்கும் எறும்பு ஊர்ந்தது.

"பாய், எங்க கம்பெனில தையல் மெஷின் இப்படி ஆடினா அன்னைக்கே மெக்கானிக்கைக் கூப்பிடுவாங்க. இங்க ஆடினா மட்டும் அது வீரமா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். பிறகு தன் கையை அந்தக் கைப்பிடியில் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தார்.

சில மாதங்கள் இவருக்கு மரம் அளக்கிற வேலை கொடுத்தார். அதற்குள் தோல் வியாபாரத்துக்காக வெளிநாடு போய் வருகிற தன் மச்சான் மூலமாகப் புது மெஷின் ஒன்றை வரவழைத்தார். பழையதில் பாதிக் கனம்தான் இருக்கும். கைப்பிடிக்கும் இன்ஜினுக்கும் நடுவே ரப்பர் வைத்திருந்தார்கள். இவர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "வெண்டைக்கா நறுக்கலாம்" என்றார். குறையும் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். மேல்மூடி பிளாஸ்டிக், முதல் மழைக்காலத்திலேயே விரிசல் விட்டது. பெட்ரோலில் துளி அழுக்கு இருந்தால் மக்கர் பண்ணும். உதிரிபாகத்துக்கு மெட்ராஸுக்கு எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். அப்போதெல்லாம் அவர் என்னைப் பார்த்து, "பாத்தியா உன் மெஷினை" என்பார். என் மெஷினாம்.

அடுத்த மார்கழியும் வந்தது. விரல் வெளுப்பது வெகுவாகக் குறைந்திருந்தது. மரத்துப்போனது முழுக்கப் போய்விட்டதா என்று கேட்டால் மட்டும், "பரவால்ல" என்று மழுப்புவார். ஒரு சாயங்காலம் கம்பெனியிலிருந்து வந்து நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மகள் தத்தித் தத்தி நடந்துபோய் அவர் மடியில் விழுந்தாள். அவர் அவள் தலையைத் தடவினார். கை அப்படியே நின்றது. நெற்றியில் விரல்களை வைத்தார், எடுத்தார், மறுபடியும் வைத்தார்.

"ஏய், புள்ளைக்கு ஒடம்பு சுடுதுடி" என்றார்.

ஓடிப்போய்த் தொட்டுப் பார்த்தேன். அப்படி ஒன்றும் கொதிக்கவில்லை. வெதுவெதுப்புக்குக் கொஞ்சம் மேல். பெற்ற எனக்கே சாதாரணமாகத் தெரிந்திருக்காது. அவர் விரலுக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கேட்டு சந்தோஷத்தில் அழுத தாய் ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.