அந்த அறையின் ஒரே பிளக் பாயின்ட்

கரண்ட் வயர் வழியாகவே இன்டர்நெட் கொண்டுபோகும் அடாப்டர் ஜோடி. எங்கள் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் கீழ்வீட்டு அங்கிளுக்கு வாங்கிக்கொடுத்தது நான்தான். ஒன்று ஹாலில், இன்னொன்று ஆன்ட்டி படுத்திருந்த பின்னறையில்.

கனடாவில் இருக்கும் மகள் அம்மாவை வீடியோவில் பார்க்க வேண்டும். அதற்குத்தான்.

"தம்பி, படம் அப்படியே நின்னுடுது" என்று போன மாதம் முழுக்க அங்கிள் போன் செய்தார்.

"எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல போடாதீங்க, நேரா சுவர்ல சொருகுங்கன்னு எத்தனை தடவை அங்கிள் சொல்றது?" என்று கத்தினேன். இரண்டு மாடி இறங்கிப் போய்ப் பார்க்கவில்லை.

இன்று போனேன். ஆன்ட்டி தவறிப் பத்து நாள் ஆகிறது.

அந்த அறையில் ஒரே ஒரு பிளக் பாயின்ட்.

"அதுல ஆக்ஸிஜன் மெஷின் ஓடிட்டிருந்துச்சு தம்பி. அதை எக்ஸ்டென்ஷன்ல போடக்கூடாதுன்னு மெஷின் கொடுத்தவங்க சொல்லிட்டாங்க."

"அப்பவே சொல்லியிருக்கலாமே அங்கிள்?"

"நீதான் ஜல்தியா போனை வெச்சுடுவியே."

அடாப்டரைச் சுவரில் சொருகினேன். பத்தே விநாடியில் பச்சை விளக்கு. மகள் லைனில் வந்தாள்.

"அம்மா ரூம் இப்ப தெளிவாத் தெரியுதுப்பா" என்றாள். காலிக் கட்டில்தான் தெரிந்தது.

நான் சொன்ன டெக்னிக்கல் ஆலோசனை நூறு சதவீதம் சரி. யாராவது கமென்ட்டில் வந்து நன்றாகத் திட்டிவிட்டுப் போங்கள்.