டோரீன் காத்திருக்கும் பதில்

கைக்குட்டையை வோட்காவில் நனைத்து மைக்கைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள் டோரீன் விஷ்னெவ்ஸ்கி. முந்தின நாள் பாடியவன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அவன் எச்சில் தன் பாட்டோடு ஒட்டக்கூடாது என்பது அவள் கொள்கை. துடைத்து முடித்ததும் கைக்குட்டையை ஒருமுறை முகர்ந்து பார்ப்பாள், அவ்வளவுதான். பதினெட்டு வருஷமாக மதுக்கடைகளில் பாடுகிறவள் ஒரு சொட்டு தொடுவதில்லை என்றால் வெளியூரில் யாரும் நம்புவதில்லை. "நானும் குடிச்சிட்டா உங்களையெல்லாம் யாரு வீட்டுக்கு அனுப்புறது?" என்பாள்.

வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. சிவப்புத் தோல் பூட்ஸின் இடது குதி பலமுறை ஒட்டவைத்தது, தாளம் முழுக்க அந்தக் குதியில்தான். உச்சத்துக்குப் போகும்போது குரல் கொஞ்சம் கிழியும். அந்தக் கிழிசலைக் கேட்பதற்கென்றே பனியைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்கள் அமெரிக்காவின் ஈரி நகரத்தில் உண்டு. க்ளீவ்லாந்திலிருந்து பஃபலோ வரை ஏரிக்கரையில் அவள் பாடாத கடை இல்லை என்றாலும், வியாழக்கிழமை சாயங்காலம் ஈரியில் ஸ்டாஷ் நடத்தும் மதுக்கடையை விட்டு இதுவரை அவளை யாரும் நகர்த்தியதில்லை. ரயில் என்ஜின் தொழிற்சாலையில் பகல் ஷிப்ட் முடித்தவர்கள் எண்ணெய் வாடையோடு நேராக அங்கேதான் வருவார்கள்.

அவர்களுக்காக அவள் கட்டிய பாட்டு ஒன்று இருக்கிறது. ஷிப்ட் முடிந்த பிறகும் ஆட்களை நிறுத்திவைக்கும் மேஸ்திரியைப் பற்றியது. நடுவில், "யாரு வீட்டுக்குப் போறா?" என்று கேட்டுவிட்டு மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்பிப் பிடித்துச் சும்மா நிற்பாள். பியர் பாட்டிலின் அடியால் மேசையை இடித்து, "நாங்க இல்ல!" என்று கடையே கத்தும். சுருதியாவது மண்ணாவது. மூலை மேசையில் உட்காரும் ஹென்ரிக்குக்குக் காது மந்தம். சுத்தியலடியிலேயே வாழ்ந்த காது. எல்லோரும் சொல்லி முடித்த பிறகுதான் அவன் "நாங்க இல்ல" வரும். அது வரும்வரை டோரீன் அடுத்த அடிக்குப் போகமாட்டாள். டிரம்ஸ்காரனும் கழியைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருப்பான். அந்த ஊர்ப் பாட்டில் ஹென்ரிக்கும் ஒரு வாத்தியம்.

போன வருஷம், ஒருவழியாக, நியூயார்க்கிலிருந்து ஒரு பெரிய கம்பெனி அவளைக் கூப்பிட்டது. முதல் இசைத்தட்டு. இந்த வயதில். ஒலிப்பதிவு அறையில் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று கண்ணை மூடிப் பாடினாள். "யாரு வீட்டுக்குப் போறா?" என்றாள். பழக்கதோஷம், மைக்கைத் திருப்பிவிட்டுக் காத்திருந்தாள். தரைவிரிப்பு ஒட்டிய சுவர் என்ன பதில் சொல்லும்?

"ஏன் நிறுத்திட்டீங்க? நல்லாத்தானே போய்க்கிட்டிருந்துச்சு," என்றார் தயாரிப்பாளர் ப்ரெஸ்காட். அதிர்ந்து பேசாத மனிதர்.

"இந்த எடத்துல அவங்க சொல்லுவாங்க."

"யாரு?"

ஸ்டாஷ் கடைக்கு ஒரு ஒலிப்பதிவுக் கருவியை அனுப்ப முடியுமா என்று கேட்டாள் டோரீன். "அடுத்த தட்டுல பாத்துக்கலாம். இப்ப ஆள் வெச்சுப் பாடிடலாம்," என்றார். சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று பெண்கள் வந்தார்கள். "நாங்க எங்க போகலன்னு சொல்லணும்?" என்று ஒருத்தி விசாரித்தாள். ஒரே மூச்சில் அழகாகப் பாடிக் கொடுத்துவிட்டு டாக்ஸி ஏறிப் போனார்கள். டோரீன் சரியென்று தலையாட்டினாள். இத்தனை வருஷம் காத்திருந்துவிட்டு, வாயைத் திறந்து காரியத்தைக் கெடுத்துக்கொள்ள யாருக்கு மனசு வரும்?

அதன்பிறகு ஓட்டல் அறையில் பல் தேய்க்கும்போதும், விமானத்தில் வரும்போதும் மேசையை இடிக்கும் அந்தப் பாட்டில்களின் சத்தத்தை அவள் காது தேடிக்கொண்டே இருந்தது. இசைத்தட்டுக்காக ஏங்கிய அத்தனை வருஷத்திலும் அவள் இப்படி ஏங்கியதில்லை.

தட்டு விற்பனைக்கு வருவதற்கு முந்தின ஞாயிறு, மாதாகோயிலில் பூசை முடிந்ததும் எல்லோரும் ஸ்டாஷ் கடையில் கூடினார்கள். ஸ்டாஷ் தன் வீட்டு ரெக்கார்டு பிளேயரைத் தூக்கிவந்து கல்லா மேல் வைத்திருந்தான். அவன் மனைவி ஹலினா உருளைக்கிழங்குக் கொழுக்கட்டைகளை வெண்ணெயில் வதக்கி அண்டா நிறைய வைத்திருந்தாள். டோரீன் கொண்டுவந்த தட்டின் அட்டைப்படம் கைக்குக் கை போயிற்று.

"இது உன் தங்கச்சியா டோரீன்? ஆளு நல்லா இருக்கா," என்றான் ஒருவன்.

"ஆமா. உன்னப் பத்திச் சொன்னேன், வேணாம்னுட்டா."

சிரித்தார்கள். ஆனாலும் அவளை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். செவ்வாய்க்கிழமை அவள் கிளம்புகிறாள், ஊர் ஊராகப் பெரிய அரங்குகளில் பாட. வியாழக்கிழமைகளை ஸ்டாஷ் வேறு ஒரு பாட்டுக் கோஷ்டிக்குக் கொடுத்துவிட்டான்.

மேஸ்திரி பாட்டு வந்தது. பாட்டில்கள் உயர்ந்தன. "யாரு வீட்டுக்குப் போறா?" என்றது தட்டு. உடனே அந்த மூன்று பெண்களும் தேனாக, "நாங்க இல்ல." பாட்டில்கள் இறங்குவதற்குள் பாட்டு அடுத்த அடியைத் தாண்டிவிட்டது. தூக்கிய கைகள் அப்படியே நின்றன. அதற்கும் பிறகு, மூலையிலிருந்து, தன்னந்தனியாக, "நாங்க இல்ல" என்றான் ஹென்ரிக்.

யாரும் சிரிக்கவில்லை. அவன் சுற்றிலும் பார்த்தான். "என்னடா, நான் முந்திட்டேனா?"

"நல்லாத்தான் இருக்கும்மா," என்றான் ஸ்டாஷ், துண்டால் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்துக்கொண்டு. "கோயில்ல கேக்குற மாதிரி இருக்கு."

டோரீனின் முகம் சுண்டிவிட்டது. பூட்ஸின் ஒட்டுப்போட்ட குதி சத்தமிட, கல்லாவுக்குப் பின்னால் போனாள்.

"நகரு ஸ்டாஷ். அந்தப் பாட்ட மறுபடி போடுறேன்."

தட்டின் மேல் குனிந்து, சரியான கோட்டைத் தேடி ஊசியை வைத்தாள். பாட்டு ஓடியது. "யாரு வீட்டுக்குப் போறா?" என்ற அடி முடிந்ததுமே ஊசியைத் தூக்கிவிட்டாள். பிறகு பாட்டில்கள் மேசையை இடித்தன, கடையே கத்தியது. சத்தம் அடங்கியது. கீழே தட்டு சுழன்றுகொண்டிருந்தது. ஊசியை விரல் நுனியில் தூக்கிப் பிடித்தபடி, மூலை மேசையையே பார்த்துக்கொண்டு நின்றாள் டோரீன்.