வாறன் என்றால் வரமாட்டேன்

ரெட்டோ பொய் சொன்னான். அரையிறுதியில் நாங்கள் தோற்றதற்குக் காரணம் நான் தமிழில் கட்டளை கொடுத்ததுதான் என்று கழகத்தின் இணையப் பக்கத்தில் எழுதினான். அவன் தலைமைப் பயிற்சியாளர். நான் அதே கழகத்தில் பதினொரு வருடம் டிஃபென்ஸ், அதாவது தடுப்பாட்டப் பயிற்சியாளராக இருந்தேன். இப்போது இல்லை. கழகத்தின் பெயரை எழுதவில்லை. உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும்.

1. என் வேலை

பகலில் சுவிஸில், டீட்டிகோனில் ஒரு சரக்குக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். வேலை முடிந்தால் வாரத்தில் மூன்று நாள் மைதானம். அமெரிக்கன் ஃபுட்போல் என்று சொன்னால் கோயிலில் சந்திக்கும் ஆட்கள், "பந்தைக் கையில தூக்கிக்கொண்டு ஓடுற அந்தப் பைத்தியக்கார விளையாட்டோ?" என்பார்கள். ஓம், அதுதான். முழங்கால் போகும்வரை நானும் விளையாடினேன். பிறகு மற்றவர்களை விளையாட வைத்தேன்.

வேலை இதுதான். எதிரணியில் பந்தை எறிபவன் குவாட்டர்பேக். அவனுக்கு முன்னால் ஐந்து தடியர்கள் சுவராக நிற்பார்கள். அந்தச் சுவரைத் தாண்டி அவனை நாங்கள் விழுத்த வேண்டும். எங்கள் முன்வரிசையில் நான்கு பேர். அதை லைன் என்போம். நான்கு பேரால் பலத்தில் முடியாவிட்டால் ஏமாற்ற வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இருவர் பாதையை மாற்றி வெட்டிப் போவது ஸ்டண்ட். பின்னால் நிற்கும் லைன்பேக்கர்களையும் சேர்த்து அனுப்புவது பிளிட்ஸ்.

ஸ்டண்டை நான் கற்றது எந்தப் புத்தகத்திலும் இல்லை. கிடங்கில் ஒடுங்கிய சந்தியில் இரண்டு ஃபோர்க்லிஃப்ட் குறுக்கே போகும்போது முதல் வண்டி துணிந்து நுழைய வேண்டும், இரண்டாவது வண்டி அரைச் செக்கன் பொறுக்க வேண்டும். பொறுக்காவிட்டால் இரண்டும் முட்டும். லைனிலும் அதேதான். முதல் ஆள் எதிரியின் தோளில் போய் விழுந்து இருவரை இழுத்து வைத்திருப்பான். இரண்டாவது ஆள் பொறுத்து, அவன் முதுகுக்குப் பின்னால் சுற்றி, திறந்த இடத்தால் போவான். அந்த அரைச் செக்கனைப் பழக்க எனக்கு ஒரு சீசன் போனது. தொண்ணூற்றைந்து கிலோ ஆளைப் பொறுக்கச் சொல்வது லேசில்லை.

2. ஏன் தமிழ்

எங்களிடம் ஹெட்செட் கிடையாது. நான் கோட்டுக்கு வெளியே நின்று ஒரு சொல்லைக் கத்துவேன். மைதானத்தில் ஜெரோம் அதைப் பிடித்து மற்றவர்களுக்குச் சொல்வான். ஜெரோம் மன்னார்க் குடும்பம், மின்சார வேலை செய்பவன், என்னுடைய நடு லைன்பேக்கர், அணியில் இருந்த ஒரே தமிழன்.

ஜெர்மனில் கத்தினால் எதிரணிக்கு விளங்கும். ஆங்கிலமும் அப்படித்தான். பிரெஞ்சும் பாதிப் பேருக்குத் தெரியும். ஆகவே தமிழ். இரண்டு லைன் ஆட்கள் குறுக்கே வெட்டினால் 'கத்தரி'. எல்லாரையும் அனுப்பும் பிளிட்ஸ் 'மழை'. சுவிஸ்காரரும் அல்பேனியரும் போர்த்துக்கீசரும் அதை 'மலை' என்றுதான் கத்தினார்கள். பரவாயில்லை, வேலையைச் சரியாகச் செய்தார்கள்.

மூன்றாவது சொல் 'வாறன்', அதாவது வருகிறேன். லைன்பேக்கர் இருவரும் முன்னால் வந்து, இதோ பாயப் போகிறோம் என்று பாவனை காட்டுவார்கள். பந்து அசைந்ததும் பின்னால் ஓடிவிடுவார்கள். லைன் ஆட்கள் மட்டும் அகலமாகப் போவார்கள். பொய் பிளிட்ஸ். நாங்கள் வீட்டை விட்டுப் போகும்போது வாறன் என்றுதானே சொல்வோம்? அதனால் அந்தப் பெயர். செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் வெள்ளைப் பலகையில் வரைந்து விளக்கினேன். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்ததால் மறக்கவில்லை.

ஒருமுறை எதிரணிச் சுவரில் ஃப்ரிபூர்க்கில் பிறந்த ஒரு தமிழ் இளைஞன் நின்றான். ஆட்டம் முடிந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு நேரே என்னிடம் வந்தான்.

"அண்ணை, என்ன வேலை பாக்கிறியள்? வாறன் வாறன் எண்டு கத்தினியள். நானும் வரப்போறாங்கள் எண்டு குந்திக்கொண்டு நிண்டனான். ஒருத்தனும் வரேல்லை!"

"வீட்டில இருந்து வெளிக்கிடேக்க அம்மாவிட்ட என்ன சொல்லுறனீர்?"

"வாறன் எண்டு."

"சொல்லிப்போட்டு வீட்டுக்குள்ளயோ போறனீர்?"

கொஞ்சம் யோசித்தான். "சனியன்! உங்களோட விளையாடேலாது அண்ணை," என்று சிரித்துக்கொண்டு போனான்.

தமிழனே ஏமாந்த சொல் அது. இனி ரெட்டோவுக்கு வருகிறேன்.

3. கார் தரிப்பிடத்தில் ஒரு கேள்வி

ரெட்டோ என் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கு ஒருநாளும் வந்ததில்லை. "டிஃபென்ஸ் உன் இராச்சியம், அன்ரன்," என்பான். அதைப் பெருந்தன்மை என்று நினைத்தேன். சோம்பல்.

சீசன் நடுவில் ஒருநாள் கார் தரிப்பிடத்தில் கேட்டான், "இந்த வாறன், வாறன் என்கிறாயே, அதற்கு என்ன அர்த்தம்?"

நான் ஹெல்மெட் பைகளை ஏற்றிக்கொண்டிருந்தேன். "நான் வருகிறேன் என்று அர்த்தம்," என்றேன்.

"கெனாவ்," என்று தலையை ஆட்டிவிட்டுப் போனான். எல்லாம் விளங்கிவிட்டது என்பதற்கு அவன் சொல்லும் சொல் அது.

சொல்லின் அர்த்தத்தைச் சொன்னேன், ஆட்டத்தின் அர்த்தத்தைச் சொல்லவில்லை. இது என் பிழை. இதை யாரும் என்னிடமிருந்து பிடுங்கி எடுக்கத் தேவையில்லை, நானே எழுதுகிறேன்.

4. கடைசி ஆட்டம்

அரையிறுதி. ஆட்டம் முடிய ஒரு நிமிடமும் இல்லை. நான்கு புள்ளி முன்னால் இருக்கிறோம். எதிரணிக்கு நாலாவது முயற்சி, அதாவது கடைசி முயற்சி. பன்னிரண்டு யார்டு போகாவிட்டால் பந்து எங்களுக்கு, இறுதிப் போட்டியும் எங்களுக்கு. அவர்களின் குவாட்டர்பேக் கணுக்காலை இழுத்து இழுத்து நடந்தான். நெருக்கினால் விழுவான்.

"மழை!" என்று கத்தினேன். ஜெரோம் லைனுக்குச் சொன்னான். லைன் ஆட்கள் நால்வரும் தயாரானார்கள்.

மழையில் லைன் முழுதும் உள்பக்கம் இடிக்கும். வெளிப்பக்கம் இரண்டும் வெறுமையாகும். அந்த வெறுமைக்குள் லைன்பேக்கர்கள் பாய்வார்கள். இதைக் கவனியுங்கள். லைன்பேக்கர்கள் பாயாவிட்டால் அது கதவைத் திறந்து வைத்த வீடு.

அப்போது ரெட்டோ என்னைத் தாண்டிக் கோட்டருகே ஓடினான். அவனுக்கும் எல்லாரையும் அனுப்பத்தான் ஆசை. எனக்கு வேண்டியதே அவனுக்கும் வேண்டியிருந்தது. பொறுக்க முடியாமல், தனக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லைக் கத்தினான். "வாறன்! வாறன்!"

தலைமைப் பயிற்சியாளர் சொன்னால் என் கட்டளை செல்லாது, அதுதான் விதி. ஜெரோம் திரும்பிப் பார்த்தான், மற்ற லைன்பேக்கருக்குச் சொன்னான். சத்தத்தில் லைனுக்குக் கேட்கவில்லை. பந்து அசைந்தது. லைன் நால்வரும் உள்ளே இடித்தார்கள். லைன்பேக்கர் இருவரும் பின்னால் ஓடினார்கள். நொண்டிக் குவாட்டர்பேக் வெளிப்பக்கத்தால் நடந்து வந்தான். ஓடவில்லை, நடந்தான். ஆறுதலாக நின்று, பார்த்து, எறிந்தான். டச்டவுன், ஆறு புள்ளி. தோற்றோம்.

5. நிர்வாகக் குழு

அடுத்த வாரம் ஃபோர்ஸ்டாண்ட் கூடியது. ஐந்து பேர் நிர்வாகக் குழு, ரெட்டோ, நான். அவர்கள் ஜெர்மனில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"கத்தினேனா என்று ஞாபகம் இல்லை," என்றான் ரெட்டோ. "சத்தம் அதிகம். ஆனால் ஜெர்மனில் சொல்லியிருந்தால் இது நடந்திருக்குமா?"

"நீ வாயை மூடியிருந்தால் நடந்திருக்குமா?" என்றேன்.

இது எனக்கு உதவவில்லை.

எங்கள் பெஞ்சுக்குப் பக்கத்தில் கழகத்தின் கமரா நிற்கும். ஒலியும் பதிவாகும். அந்தக் கடைசி ஆட்டத்தைப் போடுங்கள் என்று கேட்டேன். கழகத் தலைவி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அன்ரன், இது நீதிமன்றம் இல்லை."

என்னைத் தண்டிக்க மட்டும் நீதிமன்றமாக இருந்தது. இரண்டு நாளில் இணையப் பக்கத்தில் ரெட்டோ எழுதியது வந்தது: விளையாட்டாளர்களுக்கு விளங்காத மொழியில் கட்டளை கொடுக்கப்பட்டதால் குழப்பம், டிஃபென்ஸ் பயிற்சியாளர் அன்ரன் விலகுகிறார். நான் விலகவில்லை. விலக்கினார்கள். அந்த வசனத்தில் இரண்டாவது பொய் அது. முதலாவது பொய், விளையாட்டாளர்களுக்கு விளங்கவில்லை என்பது. டிஃபென்ஸில் நின்ற ஒவ்வொருவனுக்கும் விளங்கும். அந்தச் சொல் விளங்காத ஒரே ஆள் அதைக் கத்தியவன்.

ஜெரோமை ரயில் நிலையத்தில் பிடித்தேன்.

"நீர் கேட்டனீர்தானே? ஃபோர்ஸ்டாண்டில வந்து சொல்லும்."

"அண்ணை, குறை நினையாதேங்கோ. வாற வருஷம் கப்டன் நான்தான் எண்டு ரெட்டோ சொல்லியிருக்கிறார். இப்ப வாய் திறந்தனெண்டால் பெஞ்சில இருத்திப்போடுவார்."

"அப்ப என்ர பேர் நாறலாமோ?"

"உங்களுக்கு எப்பிடியும் முழங்கால் சரியில்லைத்தானே அண்ணை. எவ்வளவு காலத்துக்கு நிக்கப்போறியள்?"

அவனைக் குறை சொல்லமாட்டேன். இல்லை, சொல்வேன். பயம் என்று சொன்னால் விளங்கிக்கொண்டிருப்பேன். என் முழங்காலை ஏன் இழுத்தான்?

இதை வாசிக்கும் இளம் ஆட்களுக்கு ஒன்று. எந்த வேலையில் இருந்தாலும், அவசரமாகக் கேட்கும் மேலாளுக்கு அரைப் பதில் சொல்லி அனுப்பாதீர்கள். நிறுத்தி வைத்து முழுதையும் சொல்லுங்கள். கேட்க நேரமில்லை என்றால், எனக்குத் தெரியாது என்று அவன் வாயால் சொல்ல வையுங்கள், பக்கத்தில் ஆள் இருக்கும்போது.

ரெட்டோ, இதை என் மகள் ஜெர்மனில் மொழிபெயர்க்கிறாள். விளங்கவில்லை என்று நீ சொல்ல முடியாது. அடுத்த பொதுக்கூட்டத்தில், எல்லா அங்கத்தவர்களுக்கும் முன்னால், அந்த வீடியோவை ஒலியோடு போடு. அது உன் குரலா இல்லையா? ஓம் அல்லது இல்லை. ஞாபகமில்லை என்பது பதில் இல்லை. சொன்ன பதிலை, என் பெயரைப் போட்ட அதே பக்கத்தில், உன் பெயரோடு எழுது.