வீரமுத்து அலறவில்லை

சென்ற ஆண்டிலிருந்து ஒரு சிறிய காணொளி கைப்பேசிகளில் சுற்றி வருகிறது. பந்தயக் காருக்குள் தலைக்கவசம் அணிந்த ஒருவர் அமர்ந்திருக்கிறார். திடீரென்று ஸ்டியரிங்கின் நடுவில் உள்ளங்கையால் ஓங்கி அழுத்தி, நீளமாகக் கத்துகிறார். அத்துடன் காட்சி முடிந்துவிடுகிறது. "அரியலூர் லாரி டிரைவர் பயத்தில் அலறும் காட்சி" என்று அதன் கீழே எழுதியிருக்கிறார்கள். நாளிதழ் ஒன்று விசாரிக்காமல் அதையே செய்தியாகவும் வெளியிட்டது. திருத்தம் கேட்டு நான் அனுப்பிய கடிதங்களுக்கு இன்றுவரை பதில் இல்லை. பெரம்பலூர் பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடையில், என் காதுபடவே அதைப் போட்டுக் காட்டிச் சிரித்தார்கள்.

அலறியதாகச் சொல்லப்படுபவர் என் தங்கை சிந்தாமணியின் கணவர் வீரமுத்து. அந்தப் போட்டியில் அவருக்கு உதவியாளராக நின்றவன் நான். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, அகராதியை வைத்துக்கொண்டு ஆங்கிலம் கற்றவன் என்பதால் மொழிபெயர்ப்பும் என் பொறுப்பாயிற்று. செய்தி நறுக்கு, போட்டி நிரல், முழு ஒளிபரப்பின் பிரதி ஆகிய மூன்றையும் பாதுகாத்து வைத்திருக்கிறேன். ஐயமுள்ளவர்கள் வந்து பார்க்கலாம். மற்றவர்களுக்கு நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வீரமுத்து, அரியலூருக்குக் கிழக்கே சுண்ணாம்புக்கல் சுரங்கங்களை ஒட்டிய ஒரு சிற்றூரில் பிறந்தவர். அவருடைய தந்தை நிலக்கடலை பயிரிட்ட கொல்லையைச் சிமெண்டு நிறுவனம் ஒன்று வாங்கியது. இப்போது அது ஆழமான பள்ளம். அதே பள்ளத்தில்தான் வீரமுத்து பன்னிரண்டு ஆண்டுகளாக டிப்பர் லாரி ஓட்டுகிறார். இதைச் சொல்லி யாராவது இரக்கப்பட வந்தால் அவருக்குப் பிடிக்காது. "எங்கப்பா மேல உழுதாரு, நான் அடியில ஓட்டுறேன். வூடு ஒன்னுதான், மாடிதான் வேற" என்பார்.

அடக்கம் என்பது அவரிடம் எப்போதும் இருந்ததில்லை. பெண் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்த அன்று என் தந்தை, "மாப்பிள்ளை என்னென்ன வண்டி ஓட்டுவீங்க?" என்று மரியாதைக்குக் கேட்டார்.

"மாமா, நான் ஓட்டாத வண்டிய இன்னும் எந்தக் கம்பெனியும் செய்யலீங்க."

உள்ளறையிலிருந்து சிந்தாமணியின் குரல் வந்தது. "ரயில் ஓட்டியிருக்காரான்னு கேளுங்கப்பா."

"ஒங்க பெரம்பலூருக்கு அது வந்தாத்தானே? வரச் சொல்லுங்க, ஓட்டிக் காட்டுறேன்."

அன்றே திருமணம் நிச்சயமாயிற்று.

லாரி தயாரிக்கும் நிறுவனம் ஒன்று, வேலையில் இருக்கும் ஓட்டுநர்களுக்கென்றே லாரிப் பந்தயம் நடத்தத் தொடங்கியபோது, அவர் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். முதல் முயற்சியில் இறுதிச் சுற்றோடு திரும்பினார். அடுத்த ஆண்டு தேசியப் பட்டம் வென்றார். அதற்கடுத்த ஆண்டு அதைத் தக்கவைத்துக்கொண்டார். அவரைப் பார்த்து அரியலூர்ச் சுரங்கங்களிலிருந்து மேலும் பல ஓட்டுநர்கள் பந்தயப் பயிற்சிக்குச் சேர்ந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் வளைகுடா நகரம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. அது பல்துறைச் சாம்பியன்கள் மோதும் போட்டி. மண் சாலைப் பந்தயத்தில் வென்றவர், வட்டப்பாதைப் பந்தயத்தில் வென்றவர், பாலைவனப் பந்தயத்தில் வென்றவர் எனப் பல நாடுகளின் சாம்பியன்கள் அங்கே கூடுவார்கள். அனைவருக்கும் ஒரே வகைச் சிறிய கார்தான் தரப்படும். யாரும் வண்டியைக் குறை சொல்ல முடியாது. இருவர் இருவராக மோத வேண்டும். லாரிப் பந்தயச் சாம்பியனை அவர்கள் அழைத்தது அதுவே முதல் முறை.

போட்டியின் அமைப்பாளர் எலீனா என்ற ஐரோப்பியப் பெண்மணி. நாங்கள் போய்ச் சேர்ந்ததும் ஒளிவுமறைவின்றிப் பேசினார். "லாரிப் பிரிவைச் சோதனையாகவே சேர்த்திருக்கிறோம். எங்கள் குழுவில் பலருக்கு இதில் நம்பிக்கை இல்லை. முதற்கட்டச் சுற்றில் உங்களுக்கு இரண்டு பந்தயங்கள். ஒன்றையாவது வென்றால் லாரிப் பிரிவுக்கு இனி ஆண்டுதோறும் இடம் உண்டு. இல்லையென்றால் இத்துடன் முடிந்தது."

நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். வீரமுத்து தலையசைத்தார்.

"ஒன்னு போதுமான்னு கேளு மச்சான்."

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. பயிற்சிக்குச் சேர்ந்திருக்கும் எங்கள் ஊர் ஓட்டுநர்களின் முகங்கள் நினைவுக்கு வந்தன. இவர் தோற்றால், வெளிநாட்டு மைதானத்தின் கதவு அவர்கள் எல்லோருக்கும் சேர்த்தே மூடப்படும்.

ஒரு விளையாட்டரங்கத்துக்குள் ஓடுதளம் அமைத்திருந்தார்கள். அருகருகே இரண்டு தடங்கள். நடுவில் தாழ்வான தடுப்புச் சுவர். ஒரு பாலத்தின் வழியாக உள்தடமும் வெளித்தடமும் இடம் மாறும். இரண்டு வண்டிகளும் ஒரே நேரத்தில் புறப்பட்டு, இரண்டு சுற்றுகளில் இரு தடங்களிலும் ஓடி முடிக்க வேண்டும். தடங்கள் வளைந்து திரும்புவதால், பாலத்திலிருந்து இறங்கும் வண்டிக்கு நேர் எதிரே, சுவருக்கு அந்தப் பக்கம், மற்ற வண்டி விளக்கெரிய ஏறி வருவதுபோலத் தோன்றும் ஓரிடம் உண்டு. பட்டப்பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும் என்பது போட்டி விதி.

பயிற்சி ஓட்டத்தில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிக்குத்தான் அனுமதி. அதில் வீரமுத்து, வந்திருந்த சாம்பியன்களில் பாதிப்பேரை விட வேகமாக ஓடினார். வண்டியிலிருந்து இறங்கி, "வெயிட்டே இல்ல, சைக்கிள் மாரி இருக்கு" என்றார். எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச அச்சமும் போய்விட்டது.

முதல் பந்தயம் பின்லாந்து நாட்டின் மண் சாலைச் சாம்பியன் ஆர்வோவுடன். புறப்பாட்டில் வீரமுத்து முந்தினார். முதல் வளைவிலும் அவரே முன்னால். பாலத்தில் ஏறியபோது தெளிவான இடைவெளி இருந்தது. பிறகு, பாலத்திலிருந்து இறங்கும் இடத்தில், அவருடைய வண்டியின் இரைச்சல் சட்டென்று அடங்கி மீண்டும் எழுந்தது. அவ்வளவுதான். கண் இமைக்கும் அளவுக்கான தயக்கம். அதற்குள் இடைவெளி கரைந்துவிட்டது. இரண்டாம் சுற்றிலும் அதே இடத்தில் அப்படியே ஆகி, ஒரு வண்டி நீளத்தில் தோற்றார். ஒலிபெருக்கியில் வருணனையாளர், "லாரி ஓட்டுநர் பயந்துவிட்டார் போலிருக்கிறது" என்றார்.

நான் அதை ஏற்கவில்லை. என்ஜினில் கோளாறு என்று முடிவு செய்து, ஓய்வறையில் அமர்ந்து முறையீடு எழுதத் தொடங்கினேன். அடுத்த பந்தயம் உணவு இடைவேளைக்குப் பிறகு. இனி அந்த ஒன்றுதான் மிச்சம்.

அப்போது கமாலுத்தீன் பிரியாணிப் பாத்திரத்துடன் வந்து சேர்ந்தார். எங்கள் பெரம்பலூர்ப் பக்கத்து லப்பைக்குடிக்காட்டுக்காரர், அந்த நகரத்தில் கைப்பேசிக் கடை வைத்திருப்பவர். ஊர்க்காரர் ஓட்டுகிறார் என்று கேள்விப்பட்டு, கடையைச் சாத்திவிட்டுத் தம் நண்பர்கள் முப்பது பேருடன் அரங்கத்துக்கு வந்திருந்தார்.

"மாஷா அல்லாஹ், பறந்து வந்தீங்கண்ணே. எறக்கத்துல என்ன, பிரேக்குக்கு அடியில பூனை படுத்திருந்துச்சா?"

"பாய், அவர் பிரேக் போடல. வண்டியில கோளாறு. எழுதிக்கிட்டு இருக்கேன்" என்றேன்.

 கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு எதையோ யோசித்தபடி இருந்த வீரமுத்து திடீரென்று சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"எழுதாத மச்சான். வண்டி தங்கமான வண்டி. நான்தான் வழி விட்டுட்டேன்."

"யாருக்கு?"

"லோடு வண்டிக்கு."

எங்கள் இருவருக்கும் புரியவில்லை. அவர் விளக்கினார். சுரங்கத்துக்குள் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. கல் ஏற்றிக்கொண்டு பள்ளத்திலிருந்து மேலேறி வரும் லாரியை யாரும் நிற்க வைக்கக் கூடாது. சரிவின் நடுவில் நின்றால் அது மீண்டும் கிளம்பத் திணறும். பின்னோக்கிச் சரியவும் செய்யும். ஆகவே லோடு வண்டி பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டு ஏறும். எதிரே விளக்கைக் கண்ட மறுகணம், காலியாக இறங்குபவன் வேகமிதியிலிருந்து காலை எடுத்து ஒதுங்க வேண்டும். அங்கே யோசித்து ஒதுங்குபவனுக்கு வேலை நிலைக்காது. யோசிக்காமல் ஒதுங்க வேண்டும். பாலத்திலிருந்து இறங்கும்போது, எதிரே விளக்கெரிய ஏறி வந்த ஆர்வோவின் காரைக் கண்டதும் வீரமுத்துவின் கால் தன் கடமையைச் செய்துவிட்டது.

"அந்த இடத்துல அவன் பக்கமே பாக்காதீங்க மாப்ள" என்றேன்.

"கண்ணு எங்க பாத்துச்சு? காலுல்ல பாக்குது."

"அப்ப காலுக்குக் கூலிங்கிளாஸ் மாட்டி விட்ருவோம்" என்றார் கமாலுத்தீன்.

வீரமுத்து பிரியாணியைப் பிசைந்தபடியே தொடர்ந்தார். "பதினோரு வருசப் பழக்கத்த அரை மணி நேரத்துல அடிச்சு வெரட்ட முடியாது மச்சான். அதுக்கு மேல இன்னொரு பழக்கத்தத்தான் ஏத்தி வுடணும். நான் லோடோட ஏறும்போது எதுத்தாப்புல எது தெரிஞ்சாலும் காலை எடுப்பனா? சத்தியமா எடுக்க மாட்டேன். ஏன்? சரிவுக்கு முன்னாடியே ஆரன அழுத்திருப்பேன். அடிச்சவனுக்குத்தான் பாதை. அடிச்சதுக்கப்புறம் கால் தானா எறங்கி நிக்கும். ஆமா, இந்த வண்டியில ஆரன் எங்க இருக்கு?"

விதிப் புத்தகத்தை நான் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்திருந்தேன். பந்தயக் கார்களில் ஒலிப்பான் கிடையாது. சொன்னேன்.

"வாயி இருக்குல்ல?" என்றார்.

நான் முறையீட்டைக் கிழிக்கவில்லை. மடித்துப் பைக்குள் வைத்தேன். ஆனால் சமர்ப்பிக்கவில்லை.

இரண்டாம் பந்தயத்தில் எதிராளி பிரேசில் நாட்டின் வட்டப்பாதைச் சாம்பியன் தியாகோ. புறப்பாட்டில் அவரே முந்தினார். முதல் இரண்டு வளைவுகளில் வீரமுத்து பின்னால் இருந்தார். பாலத்தில் ஏறும்போது இருவரும் ஏறக்குறைய சமம். என் காதில் இருந்த கருவியில் அவருடைய மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது. பாலத்தின் உச்சியை அடைந்ததும் மூச்சு நின்றது. ஸ்டியரிங்கின் நடுவில், ஒலிப்பானே இல்லாத இடத்தில், உள்ளங்கையால் ஓங்கி அழுத்தினார்.

"பாஆஆஆம்ம்ம்!"

எந்தக் கவசத்துக்குள்ளும் அடங்காத ஒலி அது. ஒளிபரப்பிலும் அப்படியே போயிற்று. எதிரே விளக்கு வந்தது, போயிற்று. வண்டியின் இரைச்சல் இம்முறை இம்மியும் குறையவில்லை. சரிவை முழு வேகத்தில் இறங்கி அடுத்த வளைவுக்குள் நுழைந்தபோது வீரமுத்து முன்னால் இருந்தார். இரண்டாம் சுற்றில் அதே பாலம், அதே ஒலி. இம்முறை கமாலுத்தீனும் அவருடைய முப்பது பேரும் சேர்ந்து வாயால் ஆரன் அடித்தார்கள். கோட்டைக் கடந்தபோது இரண்டு வண்டி நீளம் இடைவெளி.

காணொளியை வெட்டியவர்கள் முதல் ஒலியோடு நிறுத்திவிட்டார்கள். அடுத்த நொடி அவர் முந்துவதும், பந்தயம் முடிந்ததும் தியாகோ ஓடி வந்து அவரைக் கட்டிக்கொள்வதும் முழு ஒளிபரப்பில் இருக்கின்றன.

எலீனா எங்களிடம் வந்து, அந்த ஒலி என்னவென்று கேட்டார். சுரங்கச் சட்டத்தை விளக்கினேன். அவர் வீரமுத்துவிடம் கைகுலுக்கினார். பிறகு, "உங்கள் பிரிவுக்கு இடம் உறுதி. எழுத்திலும் தருகிறேன்" என்றார். வீரமுத்துவுக்கு அந்த ஆங்கிலம் மட்டும் மொழிபெயர்ப்பு இல்லாமலே விளங்கிவிட்டது. அந்த வெற்றியால் நுழைந்த காலிறுதியில் பாலைவனச் சாம்பியனிடம் தோற்றார். அங்கும் பாலத்தில் ஆரன் அடித்தார், கால் எழவில்லை. எதிராளி அவரை விட நன்றாக ஓட்டினார். "நல்லா ஓட்டுறான்யா. அடுத்த தடவ பாத்துக்கறேன்" என்று கைகுலுக்கிவிட்டு வந்தார்.

காணொளியைப் பற்றி அவருக்குக் கோபமே இல்லை என்பதுதான் எனக்கு விளங்காத செய்தி. "பாக்கட்டும் மச்சான், ஓசி வெளம்பரம்" என்கிறார். எனக்கு அப்படி விட்டுவிட மனம் வரவில்லை.

இந்த ஆண்டு அழைப்பும் வந்துவிட்டது. அதில் வீரமுத்துவின் பெயர் இல்லை, இருக்கவும் கூடாது. அது லாரிப் பிரிவுக்கான இடம். தேசியப் பட்டத்தை யார் வெல்கிறாரோ அவர் போவார். அடுத்த மாதம் அந்தப் பந்தயம் நடக்கிறது. அதே சுரங்கத்தில் ஓட்டும் ராஜதுரை என்ற இளைஞர் பயிற்சியில் இவரை இருமுறை முந்தியிருக்கிறார். சென்ற ஞாயிற்றுக்கிழமை நானும் அங்கிருந்தபோது, அவர் வீரமுத்துவின் வீட்டுக்கே வந்திருந்தார்.

"அண்ணே, எடம் புடிச்சுக் குடுத்துட்டீங்க, ரொம்ப நன்றிங்க. நான் பாஸ்போர்ட் எடுத்துட்டேன்."

"எடுத்துட்டியா? நல்லது. பத்திரமா பீரோவுல பூட்டி வை."

"எதுக்குண்ணே பூட்டணும்? அடுத்த மாசம் வேணுமே."

"அப்புடியா? சரி சரி, சாப்புட்டுப் போ. பசியோட தோக்கக் கூடாது."

ராஜதுரை சிரித்துக்கொண்டே இலைக்கு முன் உட்கார்ந்தார். சிந்தாமணி இருவருக்கும் குழம்பு ஊற்றிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, நீ ஒன் துணிமணிய எடுத்து வச்சுக்க. யாரு ஜெயிச்சாலும் இங்கிலீஷ் பேச ஆளு வேணும்ல?"

வீரமுத்து கையில் எடுத்த சோற்றை அப்படியே நிறுத்தி, அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"யாரு ஜெயிச்சாலுமா? ஏன், என்னத் தவுத்து வேற யாராச்சும் வராங்களா?"