மூன்றாவது வீட்டுத் தேயிலைச் செடி

கேமரன் மலைக்கு நான் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ஸ்ட்ராபெரி பறித்து, அவித்த சோளம் தின்று, வாகன நெரிசலில் மாட்டி, இனி இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன் என்று சபதம் போட்டுவிட்டு, மறு வருடமே மறுபடி போய் நின்றிருக்கிறேன். போன மாதம் போனது அந்தக் கணக்கில் சேராது. என் அத்தானுடைய அப்பாவின் மரத்தைப் பார்க்கப் போனோம்.

அத்தான் என்றால் என் அக்கா வீட்டுக்காரர், பெயர் யாக்கோபு. எண்பதைத் தாண்டியவர். ஜப்பான்காரன் ஆட்சியின்போது அந்த மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவர். அவர் தாய் வயிற்றில் இருக்கும்போதே அப்பா சவரிமுத்துவை சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள். மூன்றே மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் லோரியில் ஏற்றினார்களாம். அவர் திரும்பவே இல்லை. ஒரு போட்டோகூடக் கிடையாது. அத்தானிடம் இருந்ததெல்லாம் அம்மா காட்டிய ஒரு மரம்தான்.

தேயிலை செடிதானே, மரம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். தேயிலை உண்மையில் மரமாக வளரக்கூடியதுதான். கவ்வாத்து வெட்டி வெட்டித்தான் அதை இடுப்பளவில் நிறுத்தி வைக்கிறார்கள். ஜப்பான் காலத்தில் டீயை யார் பார்த்தார்கள்? கிடைத்த இடத்தில் மரவள்ளியை ஊன்றி வயிற்றைக் கழுவினார்கள், தேயிலை தன்பாட்டுக்கு வளர்ந்தது. அப்படி வளர்ந்த ஒன்றைக் காட்டி, “அது உங்கப்பாவோடது, அவரு வர்ற வரைக்கும் யாரும் கத்தி வைக்கக் கூடாது” என்று அம்மா சொல்வாராம். தண்ணீர்க் குழாயிலிருந்து மூன்றாவது.

பிறகு அம்மா அந்தோணி என்பவரைக் கட்டிக்கொண்டார். அதே லயத்தில் ஒண்டிக்கட்டையாக இருந்து, சவரிமுத்துவோடு ஒரே லோரியில் சயாமுக்குப் போய், உயிரோடு திரும்பியவர் அவர். குடும்பத்தை ஈப்போவுக்குக் கூட்டி வந்து, லோரி ஓட்டி, அத்தானைப் படிக்க வைத்தார். அத்தான் அவரைக் கடைசி வரைக்கும் சித்தப்பா என்றுதான் கூப்பிட்டார். யாராவது கேட்டால், “எங்கப்பா அங்க மரமா நிக்கிறாரு” என்பார். அந்த மரமும் அவர் வாயிலேயே வளர்ந்துகொண்டு வந்தது. என் கல்யாணத்தின்போது கோயில் கூரை உயரம் இருந்தது. பேரப்பிள்ளைகள் காலத்தில் இரண்டு மாடி வீட்டைத் தாண்டிவிட்டது.

ஆனால் ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை. பிள்ளைகள், வேலை, அடுத்த வருடம் என்றே ஆயுசு ஓடிவிட்டது. இப்போது முட்டி ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதற்குப் பிறகு மேடு ஏறுவதை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். “அதுக்கு முன்னாடி ஒரு தடவை அந்த மரத்தைத் தொட்டுப் பாத்துடணும், ரோஸ்” என்றார் என்னிடம். அக்காவால் வளைவுப் பாதையில் காரில் உட்கார முடியாது, வாந்தி வந்துவிடும். ஆகவே கார் ஓட்டும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு ஈப்போவை விட்டோம். சிம்பாங் பூலாய் வழியாகத் தொண்ணூறு கிலோமீட்டர், நிதானமாகப் போனால் இரண்டு மணி நேரம். அத்தான் வெள்ளைச் சட்டை, டை, மடியில் ஒரு தடித்த மெழுகுவர்த்தி சகிதம் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

“எதுக்கு அத்தான் டை?”

“அப்பாவப் பாக்கப் போறேன். கைலியிலயா போறது?”

கோலா தெர்லாவில் காய்கறி லோரிகளின் பின்னால் ஊர்ந்தோம். திரிங்காப்பில் மலைச்சரிவு முழுக்க பிளாஸ்டிக் கூரைகள். “போர்வை போத்திப் படுத்துட்டான்லா மலை” என்றார் அத்தான். பிரிஞ்சாங் டவுனில் பாய் கடையில் ரொட்டி சானாயும் தேத்தண்ணியும் சாப்பிட்டோம், இரண்டு பேருக்குப் பதினைந்து வெள்ளி. தோட்டத்து மண் பாதையில் என் கார் ஏறாது என்று சொல்லி, பாய்தான் செல்வத்தைப் போன் போட்டு அழைத்தார். செல்வம் பழைய லேண்ட் ரோவர் வைத்திருக்கிறார். போக வர நூற்றிருபது வெள்ளி கேட்டார், விஷயத்தைச் சொன்னதும் நூறு போதும் என்றார். குலுக்கிய குலுக்கலில் சாப்பிட்ட ரொட்டி மறுபடி மாவானது.

லயத்தில் இப்போது பெரும்பாலும் வங்காளதேசத்து ஆட்கள்தான். மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு தமிழ்க் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர் சூசையம்மா, கொழுந்து பறிப்பவர்களை மேய்க்கும் கங்காணி. சயாம் போனவருடைய மரம் என்று அத்தான் ஆரம்பித்ததுமே, “கோயிலுக்குப் பின்னால வாங்க” என்று முன்னே நடந்தார். அத்தான் முட்டியை மறந்து மேடேறினார்.

நான் ஒரு மரத்தை எதிர்பார்த்தேன். அங்கே ஒரு வரிசையே நின்றது. இடையிடையே இடுப்பளவுச் செடிகள், நடுவில் தேயிலை மரங்கள், பாசி படிந்து, கிளை பரப்பி.

“என்னம்மா இத்தனை மரம்?” என்றார் அத்தான்.

“வீட்டுக்கு ஒண்ணுய்யா. ஜப்பான்காரன் போனப்புறம் வெள்ளைக்காரத் துரை வந்து எல்லாத்தையும் கவ்வாத்து வெட்டச் சொன்னாராம். பொம்பளைங்க வரிசையா வந்து நின்னுட்டாங்க. எங்க வீட்டு ஆம்பளை சயாம்லேர்ந்து வந்தாத்தான் இந்தச் செடியில கத்தின்னுட்டாங்க. வந்த வீட்டுல அன்னைக்கே வெட்டிட்டாங்க. வராத வீடெல்லாம் மரமா நிக்கிது. விதைக்கு ஆகும்னு துரையும் விட்டுட்டாரு. என் மாமியா சொன்னது.”

அத்தான் குழாயடியிலிருந்து விரல் நீட்டி எண்ணினார். முதலாவது மரம். இரண்டாவது மரம். மூன்றாவது, என் இடுப்புக்கு வந்த ஒரு செடி. தட்டையான தலை, புதுக் கொழுந்து பச்சைப்பசேலென்று.

மறுபடி எண்ணினார். செடி செடியாகவே இருந்தது.

“யாராச்சும் தெரியாம வெட்டிருப்பாங்க அத்தான்” என்றேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சக்தி இல்லை.

“தெரியாமல்லாம் வெட்ட மாட்டாங்கம்மா” என்றார் சூசையம்மா. “துரை சொல்லியே வெட்டல. அந்தந்த வீட்டுக்காரி கையாலதான் வெட்டணும். ஆளு வந்துட்டாருன்னு அர்த்தம்.”

“எங்கப்பா வரலையே” என்றார் அத்தான், சின்னப் பிள்ளை போல.

டையோடு அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டார். செல்வம் ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார். அதைக் குடித்துவிட்டு, செடியைப் பார்த்தபடியே அத்தான் பேசினார்.

“அம்மாவுக்கும் சித்தப்பாவுக்கும் கல்யாணம் நடந்த அன்னைக்குக் காலையில, அம்மா கவ்வாத்துக் கத்திய எடுத்துட்டு மேட்டுக்குப் போனாங்க, ரோஸ். ஒரு கட்டு வெறகோட வந்தாங்க. அழுதிருந்தாங்க. அந்த வெறகுலதான் கல்யாணச் சோறு பொங்குச்சு. நான் வெறகுக்குத்தான் போனாங்கன்னு நெனச்சேன். அந்த வாரமே ஈப்போவுக்கு ஏறிட்டோம்.”

செடியின் தட்டையான தலையைத் தடவினார்.

“அப்ப எங்க வீட்டுக்கு ஆளு வந்துட்டாருதானே” என்றார்.

நான் கைகொடுத்துத் தூக்கப் போனேன். அவரோ எழுந்து, பேண்டைத் தட்டிவிட்டு, செடியில் ஒரு கிளையை வளைத்து ஒடிக்கப் போனார். “அய்யா, ரெண்டு இலை ஒரு கொழுந்து, அவ்வளவுதான். கிளையோட பிடுங்கிட்டுப் போனா மேனேஜருக்கு யாரு பதில் சொல்றது?” என்று சூசையம்மா அதட்டினார். தோட்டத்தில் பிறந்தவருக்குக் கொழுந்து கிள்ளத் தெரியவில்லை என்று நாங்கள் கேலி செய்ய, அத்தானும் சிரித்துவிட்டார். கிள்ளியதைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். மெழுகுவர்த்தியை மட்டும் ஏற்றவில்லை. “இங்க வேணாம்” என்றார். அந்தக் காற்றில் சுடர் நின்றிருக்கவும் செய்யாது.

இதேபோலத் தங்கள் குடும்பத்துச் சுவடு தேடிப் போக நினைப்பவர்களுக்கு: சனி, ஞாயிறு வேண்டவே வேண்டாம், கியா ஃபார்ம் சந்தைப் பக்கம் கார் நகராது. மதியத்துக்குமேல் மழை பிடித்துக்கொள்ளும், அதற்குள் மண் பாதையை விட்டு இறங்கிவிடுங்கள். தோட்டத்துக்குள் நுழைய முதலில் அனுமதி கேளுங்கள். பிடிமானமான சப்பாத்து போடுங்கள், டை தேவையில்லை. முக்கியமாக, என்ன இருக்கும் என்று வீட்டில் சொல்லி வைத்தார்களோ அதை மட்டுமே தேடாதீர்கள்.

நாலு மணிக்கு ஈப்போ வந்து சேர்ந்தோம். வீட்டுக்குத் திரும்பும் சந்தியில் அத்தான், “நேராப் போ” என்றார். நேராகப் போனால் கல்லறைத் தோட்டம். அந்தோணியின் கல்லறை முன்னால் மெழுகுவர்த்தியை ஏற்றினார், பையிலிருந்த கொழுந்தை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். டையைச் சரிசெய்துகொண்டார்.

“அப்பா” என்றார். “செடியப் பாத்துட்டு வந்தேன்.”