ஒரு கையுறை அகலம்

காலெர்வோவைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் சிரிப்பார்கள், பிறகுதான் பேசுவார்கள். நான் மட்டும் சிரிப்பதில்லை. அந்த யோக்கியதையை எண்பத்தேழாம் வருடம் அக்டோபர் மாதம் நானே தொலைத்துவிட்டேன்.

அவன் வாழ்க்கையை எழுதினால் ஒரு பக்கம்கூட நிறையாது. பதினெட்டு வயதில் போருக்குப் போய், இடது கையில் இரண்டு விரல் நுனிகளைப் பனிக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பினான். நாற்பது வருடம் காட்டில் மரம் வெட்டினான். லெம்பியைக் கட்டிக்கொண்டான். பிள்ளை இல்லை. எண்பதாம் வருடம் அவளை அடக்கம் செய்தான். அதன் பிறகு இரண்டு மாதம் யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை. வடக்கே பனிக்காட்டுக்குள் கிடக்கும் எங்கள் கைனூ பக்கத்தில் ஒருவன் இரண்டு மாதம் பேசாமல் இருந்தால் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாது. எனக்கே தெரியவில்லை, நான் பள்ளிக்கூடத்திலிருந்து அவனுக்குச் சிநேகிதன்.

பிறகு ஒரு நாள் சாம்பல் நிறத்தில் ஒரு வேட்டைநாய்க் குட்டியைக் கோட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்தான். ஹல்லா என்று பேர் வைத்தான். எங்கள் பேச்சில் அது கோடையிலேயே வந்து பயிரைக் கருக்கும் உறைபனி. அன்றிலிருந்து வாய் திறந்தான், முக்கால்வாசி அதனோடுதான்.

"ஹல்லா, இன்னிக்கு உருளைக்கிழங்கு சரியா வேகல. லெம்பி இருந்தா திட்டியிருப்பா. நீயாவது பொறுத்துக்க."

அது பொறுத்துக்கொள்ளும். ராத்திரி அவன் காலடியில் படுக்கும். காட்டில் மூஸ் மானைக் கண்டால் ஓடவிடாமல் எதிரில் நின்று, அவன் வந்து சேரும்வரை மணிக்கணக்கில் குரைக்கும். அப்படி ஒரு நாய் எங்கள் வேட்டைச் சங்கத்தில் வேறு யாரிடமும் இல்லை.

துப்பாக்கி விஷயத்துக்கு வருகிறேன். போர் முடிந்து பட்டாளம் கழித்துவிட்ட துப்பாக்கிகளில் ஒன்றை ஐம்பதுகளில் வாங்கினான். நல்ல சரக்குதான். அதை இவன் ஒரு குளிர்காலம் முழுக்க சவுனா என்னும் நீராவிக் குளியல் குடிலின் வெளி அறையில், துண்டு தொங்கும் ஆணிக்குக் கீழே சாய்த்து வைத்திருந்தான். வாரம் இரண்டு முறை உள்ளேயிருந்து நீராவி வந்து அடிக்க, குழலைத் தாங்கும் மரக்கட்டை ஊறி, முறுக்கிக்கொண்டு, குழலை இடப்பக்கமிருந்து நெருக்க ஆரம்பித்தது. அதற்கப்புறம் எங்கே குறி வைத்தாலும் குண்டு வலப்பக்கம் போனது. வேறு எவனாக இருந்தாலும் துப்பாக்கியைச் சரிசெய்திருப்பான். இவன் தன்னைச் சரிசெய்துகொண்டான். அறுபது எழுபது அடி தூரமோ நூற்றைம்பது அடியோ, எவ்வளவு இடப்பக்கம் தள்ளிக் குறி வைப்பது என்பது அவன் கண்ணில் ஏறிவிட்டது. வழக்கமான தூரத்துக்கு அந்தக் கணக்கு ஒரு கையுறை அகலம்.

வேட்டைக்கு அனுமதி தரும் சுடும் தேர்வுக்கு ஒரு வருடம் வெளியூரிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். மணல்குழியில் அட்டை மான் நிற்கிறது. இவன் குழல் மானின் நெஞ்சுக்கு முன்னால் வெறும் காற்றைப் பார்க்கிறது.

"ஐயா, நீங்க எந்த மானைச் சுடப் போறீங்க?"

"அதே மானைத்தான். எனக்குத் தெரியாட்டியும் இதுக்குத் தெரியும்."

நாலு குண்டும் வட்டத்துக்குள். அதிகாரி அட்டையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

எண்பத்தேழு ஆகஸ்ட்டில் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டான். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் நாயையும் துப்பாக்கியையும் என்னிடம் விட்டான்.

"எண்ணெய் மட்டும் போடு. வேற எதையும் நோண்டாத. உன்னை எனக்குத் தெரியும், தைஸ்தோ."

தெரியும்தான். நான் காகித ஆலையில் முப்பது வருடம் லேத் ஓட்டியவன். கோணலாக எதையாவது பார்த்தால் எனக்குக் கை அரிக்கும். அடுத்தவர் வீட்டில் சாய்ந்திருக்கும் படத்தை நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் உட்காருவேன். இந்தத் துப்பாக்கி முப்பது வருடமாக என் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது. ஒரு வாரம் அடக்கிக்கொண்டேன். எட்டாம் நாள் திருகாணியைக் கழற்றினேன்.

குழலில் விளக்குக் கரியைப் பூசிக் கட்டையில் வைத்து அழுத்தி எடுத்தால், எங்கே இடிக்கிறதோ அங்கே கருப்பாக ஒட்டும். அந்த இடத்தை மட்டும் சுரண்ட வேண்டும். மறுபடி கரி, மறுபடி சுரண்டல். மூன்று வாரம் அதே வேலை. ஹல்லா வாசற்படியில் முகத்தைப் பாதையின் பக்கம் வைத்துப் படுத்திருக்கும். குழல் எங்கும் இடிக்காமல் நின்ற பிறகு, காலித் தோட்டாவின் பித்தளையை வெட்டித் தகடாக்கி, அடியில் ஆடாமல் உட்கார வைத்தேன். கடைசியில் குழல் முனையிலுள்ள குறிமுள்ளை ஒரு மயிரிழை தட்டி நகர்த்தினேன். மணல்குழியில் மூன்று குண்டு சுட்டேன். மூன்றையும் ஒரு காபிக் கோப்பையால் மூடிவிடலாம், அதுவும் குறி வைத்த இடத்திலேயே. சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்தது. என் கையால் செய்ததில் அதைப் போல எதுவும் அமைந்ததில்லை.

"அவர்கிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டாள் என் மனைவி ஐலி.

"அவனே பாக்கட்டும். பாத்துட்டு வாயைப் பொளக்கட்டும்."

அதுதான் என் புத்தி. வேட்டை தொடங்குவதற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை, சங்கத்தில் எல்லோரும் ஆளுக்கு இரண்டு குண்டு சுட்டுப் பார்ப்பது வழக்கம். அங்கே முதல் குண்டிலேயே அவனுக்குத் தெரிந்துவிடும், முழிப்பான், நான் பக்கத்தில் நின்று சிரிப்பேன் என்று கணக்குப் போட்டிருந்தேன். அவன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் நாயையும் துப்பாக்கியையும் திருப்பிக் கொடுக்கும்போது "எண்ணெய் போட்டேன்" என்று மட்டும் சொன்னேன். வெள்ளிக்கிழமை அவன் வரவில்லை. எங்கள் வேட்டைத் தலைவன் என்சியோவிடம் சொல்லி அனுப்பியிருந்தான்: "எனக்கும் அதுக்கும் முப்பது வருஷப் பழக்கம். எதுக்கு ரெண்டு தோட்டாவை மணல்ல போடணும்?"

அப்போதே அவன் வீட்டுக்கு ஓடியிருக்க வேண்டும். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று தூங்கிவிட்டேன்.

காலையில் நெருப்பைச் சுற்றி பதினோரு பேர். காபி கொதிக்கிறது. காலெர்வோ ஊன்றுகோலோடு வந்தான், ஹல்லா அவன் கால்களுக்கிடையில் நெளிந்துகொண்டே இருந்தது.

"அண்ணே, துப்பாக்கி இருக்கட்டும், கையுறை கொண்டு வந்தீங்களா?" என்றான் என்சியோ.

காலெர்வோ கையுறையைக் கழற்றி உயரத் தூக்கிக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். சொல்ல வேண்டிய வார்த்தை என் பல்லுக்குப் பின்னால் நின்றது. ஆனால் கேட்காமல் இன்னொருவன் துப்பாக்கியைப் பிரிப்பது எங்களிடையே இன்னொருவன் கடிதத்தைப் பிரிப்பது மாதிரி. பத்துப் பேர் முன்னால் எப்படிச் சொல்வது? தனியாகப் பிடித்துச் சொல்லலாம் என்று பார்த்தேன். அவன் என்சியோவின் வண்டியில் ஏறிவிட்டான். என்னை ஏரிக்கரையில் நிறுத்தினார்கள். கையில் வாக்கி டாக்கி இருந்தது. அதில் பேசினால் பத்துப் பேர் காதிலும் விழும். ஒரு முறை பொத்தானை அழுத்தினேன்.

"யாரு அது?" என்றான் என்சியோ.

"ஒண்ணுமில்ல. வேலை செய்யுதான்னு பாத்தேன்."

பத்து மணிக்கு ஹல்லாவின் குரல் கேட்டது. ஒரே இடத்தில் நின்று, விடாமல். வாக்கி டாக்கியில் காலெர்வோ கிசுகிசுத்தான்: "மானை நிறுத்திட்டா. கிட்ட போறேன்." அரைமணி கழித்து ஒரே ஒரு வெடி. காலெர்வோவிடம் ஒரு வெடி என்றால் ஒரு மான். வழக்கமாக அதற்குப் பிறகும் நாய் விழுந்த மானைச் சுற்றிக் கொஞ்ச நேரம் குரைக்கும். அன்று அந்தக் குரைப்பு வெடியோடு நின்றது. நான் அங்கேயே கரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, முறிந்த பக்கத்துக் காலை நீட்டிப் பாசியில் உட்கார்ந்திருந்தான். மடியில் ஹல்லா. மான் போய்விட்டது.

"மான் எனக்கு நேரா நின்னுச்சு. இவ அதுக்கு இடப்பக்கம் குதிச்சிக்கிட்டு இருந்தா. வழக்கம்போல இடப்பக்கம் தள்ளிக் குறி வச்சேன். குண்டு வலப்பக்கம் போறதுதானே, இவ மேல படாதுன்னு தைரியமா அடிச்சேன்." நாயின் காதைத் தடவிக்கொண்டே இருந்தான். "கை நடுங்கிடுச்சுடா தைஸ்தோ. கிழவனாயிட்டேன்."

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த உடம்பு, அண்ணே," என்றான் என்சியோ. எல்லோரும் தொப்பியைக் கழற்றினார்கள். நானும் கழற்றினேன். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. இதை எழுதும்போதுகூட என் முகத்தில் நானே காறித் துப்பத் தோன்றுகிறது.

நாயை ஆப்பிள் மரத்தடியில் புதைத்தான். சங்கத்துக்குப் போய் உறுப்பினர் அட்டையைத் திருப்பிக் கொடுத்தான். கடையில், தபால் நிலையத்தில், யாராவது துக்கம் கேட்டால் "இந்தக் கை கொன்னுச்சு" என்பான். வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டுதான் நடந்தான், தப்பி ஓடப் பார்க்கிறவனைப் பிடிப்பதுபோல். பதினோரு நாள் அதைப் பார்த்தேன். பன்னிரண்டாம் நாள் ஐலியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை, என் கோட்டை எடுத்து நீட்டினாள்.

"அந்த மனுஷன் தன் கையைப் பாத்துக்கிட்டே சாவாரு. போய்ச் சொல்லுங்க."

போனேன். அவன் அடுப்பில் காபி வைத்துக்கொண்டிருந்தான். நான் உட்காராமல் நின்றபடியே சொன்னேன்: கரி, சுரண்டல், பித்தளை, மணல்குழி, வாக்கி டாக்கியில் அழுத்திய பொத்தான்வரை. கேட்டுக்கொண்டே அவன் மறுபடி வலது கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு வலது கையை விடுவித்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அப்ப நடுங்கல."

"நடுங்கல. நீ குறி வச்ச இடத்துக்கே போச்சு."

உள்ளே போய்த் துப்பாக்கியை எடுத்து வந்து மேஜையில் வைத்தான். உடைத்துவிட்ட சாமானை எடுத்துக்கொண்டு வரும் சின்னப் பிள்ளையைப் போலக் கேட்டான்:

"பழையபடி பண்ண முடியுமா?"

"சுரண்டின மரம் திரும்ப வராதுடா."

தலையாட்டினான். "கையுறையைத் தூக்கிக் காட்டினேனே. அப்பவாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

 காபி பொங்கி வந்தது. எங்கள் பக்கத்தில் வரி வசூலிக்க வருகிறவனுக்குக்கூடக் காபி ஊற்றாமல் அனுப்ப மாட்டார்கள். காலெர்வோ அலமாரியைத் திறந்து ஒரே ஒரு கோப்பையை எடுத்தான். அதில் ஊற்றிக்கொண்டு, ஆப்பிள் மரம் தெரியும் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தான். நான் வெளியே வந்தேன்.

அதற்குப் பிறகு ஆறு வருடம் இருந்தான். வேறு நாய் வளர்க்கவில்லை. கடையில் எதிர்ப்பட்டால் தலையசைப்பான், அவ்வளவுதான். ஆனால் அந்த வாரத்திலிருந்து அவன் கையைப் பிடித்துக்கொள்ளாமல் நடக்கிறான் என்று ஐலி பார்த்துவந்து சொன்னாள். அந்த ஒன்றை வைத்துக்கொண்டுதான் நான் இருக்கிறேன்.