வரிசை இல்லாமல் எடுத்த ரத்தம்

சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இக்கரையில், ஸ்கூடாய்ப் பக்கம் ஒரு சின்ன கிளினிக்கின் லேபில் இருபத்திரண்டு வருடமாக ரத்தம் எடுக்கிறேன். எடுப்பதும் சோதிப்பதும்தான் என் வேலை. முடிவை விளக்குவது டாக்டர் பாடு. ஆனால் அங்கே தமிழ் பேசுகிறவள் நான் ஒருத்திதான். காகிதத்தை வாங்கியவர்கள் நேராக என் ஜன்னலுக்கு வந்து, "அக்கா, இதுல என்னா போட்ருக்கு?" என்று நிற்பார்கள். கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போதுகூட விடமாட்டார்கள். "ஒன்னும் இல்ல, போங்க" என்று சொல்லிச் சொல்லி அது வாயில் தானாக வரப் பழகிவிட்டது. இப்போது அதைச் சொல்ல நாக்கு எழுவதில்லை.

இங்கே கல்யாணத்துக்கு முன்னால் முஸ்லிம்களுக்கு எச்.ஐ.வி. சோதனை கட்டாயம். நமக்கு இல்லை. இருந்தாலும் அவர்களைப் பார்த்து நம் பெண் வீட்டாரிலும் சிலர் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். பரிசத் தட்டில் வெற்றிலை பாக்குக்குப் பக்கத்தில் மாப்பிள்ளையின் காகிதமும் பெண்ணின் காகிதமும் இருக்கும். ஜாதகம் பொருந்தியதுபோல ரத்தமும் பொருந்திவிட்டது என்று பெரியவர்கள் திருப்திப்பட்டுக்கொள்வார்கள். நானும் அதை நல்ல பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன்.

அப்படி ஒரு காகிதத்துக்காகத்தான் எங்கள் வீட்டு வரிசையில் குடியிருந்த ஒருவன் வந்தான். முப்பது வயது இருக்கும். விடிவதற்கு முன்பே பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன்.

"அக்கா, ஒரு நாள்தான் லீவு. நம்பர் எடுத்து உக்காந்தா மத்தியானம் ஆயிடும். கொஞ்சம் தோலோங் பண்ணுங்கக்கா" என்றான்.

தோலோங் என்று உதவி கேட்டு வந்தவனிடம் முடியாது என்றால், தலைக்கனம் பிடித்தவள் என்று தெருவே பேசும். பின்கதவு வழியாக வரச் சொன்னேன்.

வரிசையில் வந்திருந்தால் முதலில் மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் தாதியின் அறைக்குப் போயிருப்பான். அவர் கதவைச் சாத்திக்கொண்டு, கடந்த மூன்று மாதத்தில் யாருடனாவது உறவு இருந்ததா, எப்போது என்று கேட்டு ஆலோசனைப் பதிவில் எழுதுவார். இருந்தது என்றால், இன்றைய முடிவு எப்படி வந்தாலும் மூன்று மாதம் கழித்து மறுபடி வா என்பார். கிருமி புகுந்த முதல் வாரங்களில் எங்கள் சோதனைப் பட்டைக்கு அது தெரியாது. உடம்பு அதை எதிர்க்கத் தொடங்கிய பிறகுதான் இரண்டாவது கோடு விழும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதை மனப்பாடமாகச் சொல்லித் தருகிறவள் நான்.

அன்று அவன் விரலில் குத்தி, ஒரு சொட்டு விட்டு, கால் மணி நேரத்தில் ஒற்றைக் கோட்டைப் பார்த்துவிட்டு, "ஒன்னும் இல்ல, நல்லபடியா கல்யாணம் பண்ணிக்கப்பா" என்றேன். காகிதத்தில் கையெழுத்தும் போட்டேன். வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள் காத்திருந்தார்கள், எனக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. கேட்டிருந்தாலும் பொய்தான் சொல்லியிருப்பான் என்று பலமுறை மனதைத் தேற்றிப் பார்த்திருக்கிறேன். தேறவில்லை.

கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டும் வந்தேன். சில மாதம் கழித்து அவன் மனைவி கர்ப்பமாகி எங்கள் கிளினிக்கில் பதிய வந்தாள். யோங் பெங்கில் இருக்கும் தாய் வீட்டிலிருந்து வாழ வந்த பெண், தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. கர்ப்பிணிகள் எல்லாருக்கும் செய்கிற சோதனையைத்தான் செய்தேன். இரண்டாவது கோடு விழுந்தது. கர்ப்பத்தில் அது சில சமயம் பொய்யாகவும் விழும். அதை மட்டும் வைத்து நோய் என்று சொல்லிவிடக் கூடாது. ரத்தத்தைப் பெரிய லேபுக்கு அனுப்பினோம். பொய்யாக இருக்கட்டும் என்று தினமும் சாமி கும்பிட்டேன். உறுதி என்றே பதில் வந்தது.

வெட்கத்தோடு சொல்கிறேன்: புருஷனுக்கு ஒற்றைக் கோடுதானே விழுந்தது என்று என் மனமும் ஒரு நிமிடம் அவளைச் சந்தேகப்பட்டது.

டாக்டர் புருஷன் பெண்டாட்டி இருவரையும் கூப்பிட்டுப் பேசினார். கொஞ்ச நேரத்தில் என்னையும் கூப்பிட்டார். அவன் கையில் நான் கையெழுத்துப் போட்ட காகிதம் இருந்தது. அவள் நாற்காலியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"நான் எதுக்கு மறுபடி டெஸ்ட் எடுக்கணும்? எனக்கு ஒன்னும் இல்லன்னு இந்த அக்காதான் பாத்து சொன்னாங்க. நைட் ஷிப்ட் போறவ இவ. இன்னிக்கே யோங் பெங்ல கொண்டு போய் விட்டுர்றேன். அக்கா, நீங்களே சொல்லுங்க" என்றான்.

இவர் பெயரில் ஆலோசனைப் பதிவே இல்லையே என்று டாக்டர் மலாயில் என்னைக் கேட்டார். வேலை போய்விடுமோ என்ற பயம்தான் எனக்கு முதலில் வந்தது. அந்தப் பெண்ணின் பக்கம் பார்த்த பிறகுதான் வாய் திறந்தது.

"அந்தக் காகிதத்த நம்பாத தம்பி. அன்னிக்கு உன்ன மிஸ்ஸி ரூமுக்கு அனுப்பாம நானே எடுத்துட்டேன். கேக்க வேண்டியதக் கேக்கல. தப்பு என்னோடது. இப்பக் கேக்கறேன், அந்த டெஸ்டுக்கு முன்னாடி எங்கயாச்சும் போனியா?"

அவன் கையிலிருந்த காகிதத்தை நாலாக மடித்தான்.

"கூட்டாளிங்க பார்டர் தாண்டி ஹட்யாய்க்குக் கூப்ட்டாங்க" என்றான். "கல்யாணத்துக்கு முன்னாடி சும்மா ஜாலியான்னு. அங்க ஒரு பொண்ணுகிட்ட போனேன்."

"டெஸ்டுக்கு எத்தன நாளைக்கு முன்ன?"

"ரெண்டு வாரம் இருக்கும்."

அவனை அப்போதே லேபுக்குக் கூட்டிப் போய்ச் சோதித்தேன். இரண்டு கோடும் விழுந்தன. அவனுடைய ரத்தத்தையும் உறுதிப்படுத்த அனுப்ப வேண்டும், ஆனால் அதற்குப் பிறகு அவன் யோங் பெங் பேச்சை எடுக்கவில்லை. இன்றைக்கே மருந்தைத் தொடங்கி விடாமல் சாப்பிட்டால் பிள்ளைக்குத் தொற்றாமல் பெற்றெடுக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று டாக்டர் அவளுக்கு நிதானமாக எடுத்துச் சொன்னார். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

பிறகு என் ஜன்னலுக்கு வந்து உட்கார்ந்தாள். வாசலில் நின்றிருந்த புருஷனை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"அன்னிக்கே இத ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேக்கா" என்றாள்.

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குத் தாங்க எளிதாக இருந்திருக்கும். மருந்து தொடங்குவதற்கு முன் இன்னும் இரண்டு குழாய் ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. நான் கேட்பதற்கு முன்பே கையை நீட்டினாள்.